பழுப்பு வளையம்

தசையைக் குறுக்காகச் சீவி, டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியைப் போட்டு, நிறம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஒவ்வொரு தசைநாரையும் சுற்றி மெல்லிய பழுப்பு வளையம் தெரியும். நாரின் உள்ளே நிறம் ஏறாது, விளிம்பில் மட்டும்தான். டுஷேன் தசைச்சிதைவு நோய் உள்ள பையனின் தசையில் அந்த விளிம்பும் வெறுமையாக இருக்கும். திசு ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாக நான் கையாண்ட ஆன்டிபாடிகள் ஏராளம். புற்றுநோய்க்குப் போடும்போது பெரும்பாலும் நிறம் ஏறியிருக்கிறதா என்று தேடுவோம். இதில் ஏறாமல் இருப்பதே விடை. ஒரு புரதம் இருக்கிறது என்று காட்டுவதைவிட இல்லை என்று காட்டுவது கடினம். ரசாயனம் கெட்டிருந்தாலும் நிறம் ஏறாது, தசை கெட்டிருந்தாலும் ஏறாது. ஏறாததற்கு நோய்தான் காரணம் என்று துணிந்து எழுதிக் கொடுக்கும் நிலைக்கு மருத்துவம் வந்துசேர நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்திருக்கிறது.

இந்தக் கதையை டுஷேனிலிருந்து ஆரம்பிப்பதுதான் வழக்கம். நான் எட்வர்ட் மெரியனிலிருந்து ஆரம்பிப்பேன். அவர் லண்டன் மருத்துவர். 1851 டிசம்பரில் அங்கே மருத்துவர் சங்கம் ஒன்றில் கட்டுரை படித்தார். அது 1852இல் அச்சானது. ஒரே குடும்பத்து ஆண்பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக நடை தளர்ந்து முடங்குவதை அதில் பதிவு செய்திருந்தார். இறந்துபோன பையனின் தண்டுவடத்தைச் சோதித்துப் பார்த்து, அங்கே கோளாறு இல்லை, கோளாறு தசையில்தான் என்று முடிவுகட்டினார். அந்தத் தசையை மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது, நார்களைப் போர்த்தியிருக்கும் உறை உடைந்து சிதைந்திருப்பதையும் உள்ளே இருந்தவை எண்ணெய்த் துளிகளாகவும் துகள்களாகவும் மாறிக் கிடப்பதையும் கண்டு எழுதிவைத்தார். அவர் உடைந்திருப்பதாக எழுதிய அதே உறையில்தான் எங்கள் பழுப்பு வளையம் விழுகிறது. நிறமேற்றும் வசதிகள் ஏதும் இல்லாத காலத்தில், கண்ணை மட்டும் நம்பி, அவர் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். அதற்காகவே அவர் பெயரைச் சொல்லாமல் நான் எந்தப் புது டெக்னீஷியனுக்கும் இந்தப் பாடத்தைத் தொடங்கியதில்லை.

நோய்க்கு வாய்த்த பெயர் பிரான்ஸைச் சேர்ந்த கியோம் டுஷேனுடையது. அவர் செய்ததும் சிறிய காரியமல்ல. 1868இல் 13 பிள்ளைகளின் விவரங்களைத் தொகுத்து வெளியிட்டார்; பிள்ளைகளைப் புகைப்படம் எடுத்துவைத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, உயிரோடு இருக்கும் நோயாளியின் தசையிலிருந்து துணுக்கு எடுப்பதற்கென்றே ஓர் ஊசியை வடிவமைத்தார். அதுவரை தசையைப் பார்க்க வேண்டுமென்றால் நோயாளி இறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தசை பயாப்ஸி என்ற எங்கள் தொழிலுக்கு அவர்தான் மூதாதை. 1879இல் லண்டனில் வில்லியம் கவர்ஸ், தரையிலிருந்து எழும் பையன் முழங்கால், தொடை என்று தன் கால்மேலேயே கையூன்றி ஏறி நிமிர்வதை விவரித்தார். இன்றும் எந்த ஊர் மருத்துவரும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பிறகு நெடுங்காலம் நோய்க்கு விளக்கங்கள் வந்தபடி இருந்தன, எதுவும் நிலைக்கவில்லை. உறையைப் பற்றிய இரண்டாவது சாட்சியம் ஜப்பானிலிருந்து வந்தது. 1959இல் எபாஷி குழுவினர், இந்தப் பிள்ளைகளின் ரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் மிக அதிகமாக இருப்பதைக் காட்டினார்கள். தசைக்குள் இருக்க வேண்டிய என்சைம் ரத்தத்தில் கலக்கிறதென்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அந்தக் குழுவில் ஹிதேயோ சுகிதா என்ற மருத்துவர் இருந்தார். அவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது சாட்சியம் 1975இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து வந்தது. மோக்ரியும் எங்கலும் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் நாரின் சவ்வில் இடைவெளிகள் விழுந்திருப்பதைப் பார்த்தார்கள். உறை பழுது என்று மூன்று சாட்சியங்களும் சொல்லிவிட்டன. உறையில் எது குறைகிறது என்பது மட்டும் தெரியவில்லை.

இனி ஆன்டிபாடியின் பக்கம் போகலாம். உடம்புக்குள் அந்நியப் பொருள் நுழைந்தால் அதை மட்டும் பிடித்துக்கொள்ளும் புரதத்தை ரத்தம் உண்டாக்குகிறது என்பது 1890இல் பேரிங்கும் கிதசாதோவும் பெர்லினில் செய்த வேலையிலிருந்தே தெரியும். அதை நோய் தீர்க்கத்தான் பயன்படுத்தினார்கள். பொருளைத் தேடிக் கண்டுபிடிக்கும் கருவியாக அதை மாற்றியவர் ஹார்வர்டைச் சேர்ந்த ஆல்பர்ட் கூன்ஸ். 1941இல் ஆன்டிபாடியோடு ஒளிரும் வேதிப்பொருளை இணைத்து, நிமோனியாக் கிருமிகளை ஒளிர வைத்தார். முதலில் போட்ட பொருள் நீலமாக ஒளிர்ந்தது. திசுவுக்கே இயல்பாக ஒரு நீல ஒளி உண்டு என்பதால் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது. பச்சையாக ஒளிரும் ஃப்ளோரசினுக்கு மாறினார். அந்தப் பச்சையை இன்றும் பயன்படுத்துகிறோம்.

செல்லுக்குள் அதன் உருவத்தைத் தாங்கி நிற்கும் சட்டகத்தை ஆன்டிபாடி கொண்டு பார்க்க இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தடை எங்கே இருந்தது என்பது சுவையான விஷயம். சட்டகத்தின் முக்கியப் புரதமான ஆக்டின் எல்லா விலங்குகளிலும் ஏறக்குறைய ஒன்றேதான். எலியின் ஆக்டினை முயலுக்குப் போட்டால் முயலின் உடம்பு அதை அந்நியமாகவே நினைக்காது, ஆன்டிபாடி உண்டாக்காது. 1974இல் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் லஸாரிடஸும் கிளாஸ் வெபரும் ஆக்டினை சோப்புப் போன்ற எஸ்.டி.எஸ். ரசாயனத்தில் உருக்குலைத்து, ஜெல்லில் பிரித்தெடுத்து முயலுக்குச் செலுத்தினார்கள். மடிப்புக் குலைந்த ஆக்டினை முயல் அந்நியமாகக் கண்டுகொண்டது. அந்த ஆன்டிபாடியைப் போட்டதும் செல்லின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நீண்ட இழைகள் ஒளிர்ந்தன. செல் சட்டகத்தை ஆராய்பவர்களுக்கு அன்றிலிருந்து ஆன்டிபாடிதான் கண்.

ஆனால் டுஷேன் நோய்க்கு இந்த வழி உதவவில்லை. ஆக்டின் கையில் இருந்தது; அதைச் செலுத்த முடிந்தது. காணாமல் போன புரதம் எது என்றே தெரியாதபோது எதை முயலுக்குச் செலுத்துவது?

பாஸ்டனில் லூயி குன்கல் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார். ஒரு சிறுவனுக்கு டுஷேன் நோயோடு வேறு சில பிறவி நோய்களும் சேர்ந்திருந்தன; அவனுடைய எக்ஸ் குரோமோசோமில் ஒரு துண்டே காணவில்லை. ஆரோக்கியமானவரின் டி.என்.ஏ.விலிருந்து அந்தச் சிறுவனிடமும் உள்ளதையெல்லாம் கழித்துவிட்டால், மிஞ்சுவது அவனிடம் இல்லாத பகுதி. அந்த மிச்சத்தை 1985இல் பிரித்தெடுத்தார்கள். டொரன்டோவில் ரொனால்ட் வொர்டன் குழு இன்னொரு வழியில் அதே இடத்தை நெருங்கியது. 1986இல் மரபணுவின் ஒரு பகுதி கிடைத்தது. 1987இல் முழுச் செய்தியும் கிடைத்தது. மனித உடம்பில் நமக்குத் தெரிந்த மிகப் பெரிய மரபணுக்களில் ஒன்று அது. இருபது லட்சம் எழுத்துகளுக்கு மேல் நீளம். அது உண்டாக்கும் புரதத்தை மட்டும் அதுவரை யாரும் கண்டதில்லை.

இதற்கு அடுத்து குன்கல் குழுவில் இருந்த எரிக் ஹாஃப்மன் செய்ததுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. எலியின் அதே மரபணுவிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்து பாக்டீரியாவுக்குள் வைத்தார். பாக்டீரியா அந்தத் துண்டுகளுக்கு உரிய புரதத்தைத் தயாரித்தது. தசையிலிருந்து யாரும் பிரித்தெடுத்திராத, பெயர்கூட இல்லாத ஒரு புரதத்தின் இரு துண்டுகள் இப்படிக் கண்ணாடிக் குடுவையில் உருவாயின. அவற்றை ஆடுகளுக்கும் முயல்களுக்கும் செலுத்தி, அவற்றின் ரத்தத்திலிருந்து ஆன்டிபாடியை எடுத்தார்கள். அந்த ஆன்டிபாடியைக் கொண்டு நிஜத் தசையின் சாற்றில் தேடியபோது, ஜெல்லின் உச்சியில், நானூறு கிலோடால்டன் எடையுள்ள இடத்தில் ஒரு பட்டை தெரிந்தது. துண்டைக் கொண்டு முழுப்பொருளைப் பிடித்துவிட்டார்கள். இரண்டு துண்டுகளுக்கு எதிரான ஆன்டிபாடிகளும் அதே பட்டையைப் பிடித்ததால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போனது. தசைப் புரதம் ஒரு கிலோ எடுத்தால் அதில் இது 20 மில்லிகிராம்தான். இவ்வளவு சொற்பமாக இருப்பதைப் பழைய முறைகளில் யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. டுஷேன் நோயுள்ள இரண்டு பிள்ளைகளின் தசையில் அந்தப் பட்டை இல்லை. 1984இல் ஸ்காட்லாந்தில் கண்டறியப்பட்டிருந்த எம்.டி.எக்ஸ். என்ற நோய் எலியின் தசையிலும் இல்லை. ஹாஃப்மன், ராபர்ட் பிரவுன், குன்கல் மூவரின் கட்டுரை 1987 டிசம்பர் 24 அன்று 'செல்' இதழில் வந்தது. புரதத்துக்கு டிஸ்ட்ரோஃபின் என்று பெயர் வைத்தார்கள்.

தசையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதில்தான் ஒரு தடுமாற்றம் வந்தது. தசையை அரைத்துப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தேடியபோது டிஸ்ட்ரோஃபின், நாரின் உட்புறத்தில் கால்சியத்தை ஆளும் டிரையட் எனும் அமைப்புகளோடு சேர்ந்து வந்தது. அதே டிசம்பரில் அப்படியே ஒரு கட்டுரையும் வெளியானது. அப்போது அது நம்பத்தக்கதாகத்தான் இருந்தது. தசைச்சிதைவில் கால்சியம் பெருகுவது முன்பே தெரிந்த செய்தி. ஆனால் அரைத்த தசையில் எது எதோடு ஒட்டிக்கொண்டு வரும் என்று உறுதி சொல்ல முடியாது. 1988இல் டொரன்டோ, டோக்கியோ, நியூயார்க் என்று மூன்று இடங்களில் தசையை அரைக்காமல், சீவிய செக்‌ஷனின் மேலேயே ஆன்டிபாடியைப் போட்டுப் பார்த்தார்கள். மூன்று இடத்திலும் வளையம் விளிம்பில், உறையில் விழுந்தது. டோக்கியோ ஆய்வின் முதல் ஆசிரியர் அராஹாதா. கடைசியில் இருந்த மூத்த ஆசிரியர் ஹிதேயோ சுகிதா. 1959இல் ரத்தத்தில் கசிவைக் கண்டவர், கசியும் இடத்தில் இல்லாத பொருளை 1988இல் தன் குழுவோடு பார்த்திருக்கிறார். ஒரே மனிதரின் ஆயுளில் இரண்டு முனைகளும் வந்து சேர்ந்திருக்கின்றன. மெரியன் கட்டுரை அச்சாகி அப்போது 136 ஆண்டுகள்.

அதே ஆண்டு டிஸ்ட்ரோஃபினின் முழு வரிசையும் வெளியானது: 3,685 அமினோ அமிலங்கள். ஒரு முனை ஆக்டினைப் பற்றிக்கொள்ளும். நடுவில் ஸ்பெக்ட்ரினைப் போன்ற 24 மடிப்புகள் அடுத்தடுத்து நீண்ட கோலாக அமைந்திருக்கும். மறுமுனையின் வேலை, அடுத்த சில ஆண்டுகளில் அயோவாவில் கெவின் கேம்ப்பெல் குழுவின் ஆய்வுகளில் தெளிவானது. அது சவ்வில் பதிந்திருக்கும் புரதக் கூட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அதன் வழியாக நாருக்கு வெளியே உள்ள வலையோடும் தொடர்பு வைத்திருக்கிறது. கூரை ஓலையை வாரிச்சட்டத்தோடு பிணைக்கும் கயிறு என்று டிஸ்ட்ரோஃபினைச் சொல்லலாம். கயிறு இல்லாவிட்டாலும் ஓலை சில காலம் கூரைமேல் கிடக்கும். காற்று வீசும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கிழியும். தசைக்குக் காற்று என்பது ஒவ்வொரு சுருக்கமும்தான். ஓடியாடும் வயதில் பையன் ஓடியாடுவதே அவன் தசையைச் சேதப்படுத்துகிறது.

என் வேலை இந்த ஆன்டிபாடி புட்டியில் அடைபட்டு விற்பனைக்கு வந்த பிறகான வேலை. பயாப்ஸி நாளன்று அறுவை அரங்க வாசலுக்கு நானே போவேன். தசையை வேறு யார் கையிலும் விட மனசு வராது. ஒருமுறை அங்கே உட்கார்ந்திருந்த ஓர் அம்மா என் கையில் இருந்த டப்பாவைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏற்கெனவே சதை வீணாப் போவுதுங்கறாங்க. அதுலயும் வெட்டி எடுத்தா புள்ள நடக்கவே மாட்டானேக்கா?" "சுண்டுவிரல் நகம் அளவுதாம்மா எடுப்பாங்க. காயம் சீக்கிரம் ஆறிடும். அதை வச்சுத்தான் இது எந்த வியாதின்னே சொல்ல முடியும்" என்றேன். அவர் கேட்டது முழு நியாயமான கேள்வி. அந்த நகம் அளவு தசை வீணாகப் போனால் இரண்டாவது முறை அந்தப் பிள்ளையைக் கத்திக்குக் கொடுக்க வேண்டும். அதைவிடப் பெரிய பாவம் எங்கள் தொழிலில் இல்லை.

தசையை உப்புநீரில் லேசாக நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி எடுத்துவர வேண்டும். நீரில் மிதக்கவிட்டால் நார்கள் ஊறிவிடும். நேராகத் திரவ நைட்ரஜனில் போடவும் கூடாது. தசையைச் சுற்றி வாயுப் படலம் உண்டாகி, உறைவது தாமதமாகி, நார்களுக்குள் பனிப்படிகம் குத்தி ஓட்டை ஓட்டையாகிவிடும். அதனால் ஒரு உலோகக் கிண்ணத்தில் ஐசோபென்டேனை ஊற்றி, கிண்ணத்தைத் திரவ நைட்ரஜனில் வைத்துக் குளிரச் செய்வோம். அடியில் வெள்ளையாக உறைய ஆரம்பித்ததும் தசையை அதில் அமிழ்த்தினால் சில நொடிகளில் கல்லாகிவிடும். பிறகு கிரையோஸ்டாட்டில் எட்டு அல்லது பத்து மைக்ரான் கனத்தில் சீவுவோம். வெளியூர்களிலிருந்து ஃபார்மலினில் ஊறிய தசை வந்த நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்காது. எங்கள் புட்டிகளில் இருந்த ஆன்டிபாடிகள் உறையவைத்த தசைக்கானவை. அந்தத் துணுக்கைக் கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

முதலில் இருந்த டிஸ்ட்ரோஃபின் ஆன்டிபாடிகள் ஆட்டு ரத்தத்திலிருந்தும் முயல் ரத்தத்திலிருந்தும் எடுத்தவை. அந்த விலங்கு போனால் அந்த ஆன்டிபாடியும் தீர்ந்துவிடும். 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும், ஆன்டிபாடி சுரக்கும் எலி செல்லைப் புற்றுச் செல்லோடு இணைத்து, சாகாமல் ஒரே ஆன்டிபாடியைச் சுரந்துகொண்டே இருக்கும் செல்லை உருவாக்கியிருந்தார்கள். டிஸ்ட்ரோஃபினுக்கு அந்த முறையைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் இங்கிலாந்தின் நியூகாசிலில் லூயிஸ் நிக்கல்சனும், வேல்ஸின் ரெக்ஸமில் கிளென் மோரிஸும் நுயென் தி மானும். மோரிஸ் குழு டிஸ்ட்ரோஃபினின் பல பகுதிகளுக்குத் தனித்தனியாக ஆன்டிபாடி வரிசையே உருவாக்கி, உலக ஆய்வாளர்களோடு பகிர்ந்துகொண்டது. நியூகாசில் ஆன்டிபாடிகளை அந்த ஊரின் நோவோகாஸ்ட்ரா நிறுவனம் விற்றது. இப்போது அவை லைக்காவின் பெயரில் வருகின்றன. எங்கள் குளிர்பெட்டியில் இருந்த மூன்று புட்டிகள் அவைதான்: கோலின் நடுப்பகுதியைப் பிடிக்கும் டி.ஒய்.எஸ். 1, வால் முனையின் கடைசி 17 அமினோ அமிலங்களைக் குறிவைக்கும் டி.ஒய்.எஸ். 2, தலைமுனைப் பக்கத்தைப் பிடிக்கும் டி.ஒய்.எஸ். 3.

மூன்று எதற்கு என்று புதிதாக வரும் பிள்ளைகள் கேட்பார்கள். டுஷேனைவிடக் கடுமை குறைந்த பெக்கர் வகை நோயில் டிஸ்ட்ரோஃபின் இருக்கும். ஆனால் நடுவில் ஒரு துண்டு இல்லாமல் குட்டையாக இருக்கலாம். அந்தத் துண்டு டி.ஒய்.எஸ். 1 பிடிக்கும் இடமாக இருந்துவிட்டால், அதை மட்டும் போட்டுப் பார்ப்பவர் புரதமே இல்லை என்று நினைப்பார். டுஷேன் என்று எழுதிவிடுவார். பெக்கர் உள்ளவர் நடுவயதிலும் நடமாடலாம். டுஷேன் உள்ள பையன் பெரும்பாலும் பன்னிரண்டு வயதுக்குள் சக்கர நாற்காலிக்குப் போய்விடுகிறான். ஒரு புட்டியை மிச்சம் பிடித்தால் ஒரு குடும்பத்துக்கு வேறொரு எதிர்காலத்தைச் சொல்லிவிடுவோம். நான்காவதாக ஸ்பெக்ட்ரின் ஆன்டிபாடியும் போட வேண்டும். அது எல்லோர் உறையிலும் இருப்பது. அதன் வளையம் விழுந்தால்தான் உறை கெடாமல் இருக்கிறது, டிஸ்ட்ரோஃபின் இல்லாதது உண்மையாகவே இல்லாததுதான் என்று சொல்லலாம். ஸ்பெக்ட்ரினும் தெரியாவிட்டால் அந்த ஸ்லைடுக்கு மதிப்பே இல்லை.

வேறு கண்ணிகளும் உண்டு. டிஸ்ட்ரோஃபினுக்கு யூட்ரோஃபின் என்று ஒரு நெருங்கிய உறவு இருக்கிறது; 1989இல் கே டேவிஸ் குழு அதன் மரபணுவை ஆறாவது குரோமோசோமில் கண்டது. இரண்டின் வால் பகுதிகளும் ஒத்திருப்பதால், ஆரம்பகால ஆன்டிபாடிகள் சில, நோய்த் தசையிலும் நரம்பு வந்து சேரும் இடங்களில் யூட்ரோஃபினைப் பிடித்து ஒளிர்ந்தன. டுஷேன் தசையிலேயே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில நார்களில் முழு வளையம் விழுவதும் உண்டு. அதைப் பார்த்துவிட்டு நம்பிக்கை ஊட்டிவிடக் கூடாது. எங்கள் மேலதிகாரிகள் சிலர் அந்த நார்களை அறிக்கையில் குறிப்பிட வேண்டாம் என்பார்கள். நான் குறிப்பிட வேண்டும் என்று வாதாடுவேன். பார்த்ததை எழுதிவிட்டு, அதற்கு அர்த்தம் என்ன என்பதையும் எழுதுவதே முறை.

இப்போது பெரும்பாலான பிள்ளைகளுக்கு ரத்தத்தில் செய்யும் மரபணுச் சோதனையே போதும். கத்தி வேண்டாம். அது பெரிய நிம்மதி. சோதனையில் விடை கிடைக்காதவர்களுக்கு மட்டும் தசை எடுக்கிறார்கள். ஆனால் ஆன்டிபாடிக்கு வேறொரு பெரிய பொறுப்பு வந்து சேர்ந்தது: சிகிச்சையால் டிஸ்ட்ரோஃபின் உண்டானதா என்று சொல்வது.

எடெப்லிர்சென் என்ற மருந்தின் ஓர் ஆய்வில் 12 பிள்ளைகள் இருந்தார்கள். நிறம் ஏறிய நார்களின் விகிதம் இயல்பானவர்களோடு ஒப்பிட 47 சதவீதத்தை எட்டியதாக 2013இல் எழுதினார்கள். அதே ஆய்வில் இருந்த பிள்ளைகளின் தசையை 180 வாரங்களுக்குப் பிறகு ஜெல்லில் ஓட்டி அளந்தபோது, டிஸ்ட்ரோஃபினின் அளவு இயல்பில் சராசரியாக 0.93 சதவீதம். இரண்டும் ஆன்டிபாடி கொண்டு அளந்தவைதான். இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான விடைகள். மங்கலான வளையம் உள்ள நாரையும் 'ஏறியது' என்று எண்ணினால் எண்ணிக்கை பெருகும். எவ்வளவு புரதம் என்று கேட்டால் சுருங்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆய்வாளர்கள் பலர் எதிர்த்தும், மருந்துப் பிரிவின் இயக்குநர் ஜேனட் வுட்காக் அனுமதி தரும் முடிவை எடுத்தார்; 2016 செப்டம்பரில் அனுமதி வந்தது. அனுமதி பற்றிய கூட்டத்துக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்து பேசிய பெற்றோர் பக்கம் என் மனசு நிற்கிறது. அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் போயிருப்பேன். ஸ்லைடு பார்க்கிறவளாக மட்டும் ஒன்று சொல்வேன்: எந்தப் பையன், மருந்துக்கு முன்னா பின்னா என்று தெரியாமல்தான் நார்களை எண்ண வேண்டும். தெரிந்து எண்ணினால், எவ்வளவு நேர்மையான கண்ணும் விரும்பியதைப் பார்க்கும்.

2023 ஜூனில் மரபணுச் சிகிச்சை ஒன்றுக்கும் அங்கே அனுமதி கிடைத்தது. டிஸ்ட்ரோஃபினின் செய்தி, அதைத் தசைக்குக் கொண்டுபோகும் வைரஸுக்குள் அடங்காத நீளம் என்பதால், மிக அவசியமான பகுதிகளை மட்டும் கோத்து மைக்ரோ டிஸ்ட்ரோஃபின் என்ற குட்டைப் புரதத்தை வடிவமைத்திருக்கிறார்கள். தலைமுனை இருக்கிறது, கோலின் பெரும்பகுதி இல்லை, வாலின் கடைசிப் பகுதியும் இல்லை. எனவே இந்தச் சிகிச்சை பெற்ற பையனின் தசை ஒருநாள் ஏதோ ஒரு ஆய்வுக்கூடத்துக்கு வந்தால், டி.ஒய்.எஸ். 1, டி.ஒய்.எஸ். 2 இரண்டிலும் உறை வெறுமையாகவே தெரியும். டி.ஒய்.எஸ். 3 பிடிக்கும் பகுதி மட்டுமே அந்தப் புரதத்தில் இருக்கிறது. எந்தப் புட்டி போட்டோம் என்பதை அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதச் சொல்லி, என்னிடம் தொழில் கற்ற பிள்ளைகளுக்கு இப்போதும் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.